தொண்ணூற்று மூன்று வாட்ச்மேன்கள்

அந்த ஜன்னலோர இடத்தை எனக்குக் கொஞ்சம் விட முடியுமா தம்பி? காற்றுக்காகக் கேட்கவில்லை. வெயில் இடது பக்கம்தான் அடிக்கும், தெரியும், நிழலுக்காகவும் இல்லை. கோவில்பாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இடது கைப் பக்கம் ஒரு போர்டு வரும். அதை நான் பார்ப்பதில்லை. மூன்று வருஷமாகப் பார்ப்பதில்லை. வாரம் ஒரு தரமாவது இந்த ரோட்டில் அன்னூர் போகிறேன். ஒவ்வொரு தரமும் வலது பக்கம் உட்கார்ந்து, அந்த இடம் வந்ததும் வெளியே இருக்கிற தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்வேன். இப்போது தோப்பையும் வெட்டி வீட்டு சைட் போட்டுவிட்டார்கள். பரவாயில்லை, சைட் கல்லைப் பார்த்துக்கொள்கிறேன்.

நல்லது. உட்காருங்கள்.

அட, மடியில் என்ன, அந்தப் பெட்டியா? போர்டும் அவளுடையது, பெட்டியும் அவளுடையது. நல்ல ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன் போங்கள்.

புதுசா? புளியம்பட்டியா ஊர்? போர்வெல் எத்தனை அடி? எழுநூற்றம்பதா, சரி. அப்படியானால் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டி எழுநூறு அடி வயர் உள்ளே போகும். அந்த வயரின் மேல் முனை இந்தப் பெட்டிக்குள் வரும். தண்ணீர் இறங்கிப்போனால் பெட்டி ஸ்டார்ட்டருக்குச் சேதி அனுப்பி மோட்டாரை நிறுத்திவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி, காயில், கருகும், தெரியும்தானே. கருகின மோட்டார் எங்கே வரும்? என்னிடம் வரும். நாச்சிமுத்து வைண்டிங் ஒர்க்ஸ், கணபதி. நாற்பத்தோரு வருஷம். அப்படிப் பார்த்தால் இந்தப் பெட்டி என் சோற்றில் மண் போடுகிற பெட்டி. அதைச் செய்கிற பெண்ணுக்கு என் ஷெட்டில் பாதியை விட்டுக் கொடுத்தவன் நான். அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை. சொல்ல வந்தது வேறு.

கோகிலவாணி என்று பேர். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டு வந்தாள். பி.இ. நான் ஆறாங்கிளாஸ். ஆனால் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். நான் அம்மணி என்பேன். ஒரு மேசை, ஒரு லைட், ஒரு மீட்டர். அந்த மீட்டரில் எறும்பு மூச்சு விட்டாலும் முள் ஆடும். இந்தப் பக்கம் நான் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் சத்தமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அந்த மரியாதையெல்லாம் உண்டு. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

பெட்டி பேட்டரியில் ஓடவேண்டும் என்பது அவள் திட்டம். தோட்டத்துக் கரண்ட்டை நம்ப முடியாது, சரிதான். கட்டைவிரல் தடிமனில் ஒரே ஒரு பேட்டரி. அது மூன்று வருஷம் வரவேண்டுமாம். எப்படி வரும் என்று கேட்டேன். பெட்டி முக்கால்வாசி நேரம் தூங்கும் என்றாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மச்சினன் ஒருத்தன் அப்படித்தான் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தான். ஆனால் அவள் சொன்ன காரணம் நியாயம். தோட்டம் காட்டில் வேலை செய்கிறவர் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் பேட்டரி மாற்ற மாட்டார், மறந்துவிடுவார், மறந்த வாரம் பார்த்து மோட்டார் கருகும் என்றாள். அதனால் சொட்டுக் கரண்ட்கூட வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு பொருளாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள்.

எல்லாம் சரி, உதைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன்.

மோட்டாரை நிறுத்தும்போது கேபிளில் ஒரு உதை வரும் தம்பி. கண்ணுக்குத் தெரியாது. ஸ்பைக் என்பாள் அவள். பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்தால் அதைவிடப் பெரிதாக வரும். எழுநூறு அடி வயர் அதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து பெட்டிக்குள் கொட்டும். அவள் வைத்திருந்த சிப்போ கொசு மாதிரி. இதற்கென்றே ஒரு டையோடு இருக்கிறது. கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில். அதன் இங்கிலீஷ் பேர் என் வாயில் வராது, நான் வாட்ச்மேன் என்பேன். வாசலில் நிற்பான். உதை வந்தால் அவன் பிடித்து மண்ணுக்குள் தள்ளிவிடுவான். அதை வை அம்மணி என்றேன்.

“அது சும்மா நிக்கறப்பவும் கரண்ட் திங்கும்ங்ணா” என்றாள். “கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். வேற ஒரு வழி யோசிச்சிட்டிருக்கேன். ஒரு மாசம் பொறுங்க.”

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாளாம். நாற்பது வருஷமாக உதை வாங்கிக் கருகின காயிலைப் பிரித்துப் பிரித்து என் விரலெல்லாம் வார்னிஷ். எனக்குக் கணக்குச் சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன். என் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள். பதினொரு வருஷம் ஆகிறது, அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. போவேன், வருவேன், குடிக்க மாட்டேன்.

அன்னூர்ப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று நூறு பெட்டி கேட்டது. முதலில் நூறு, நன்றாக ஓடினால் ஆயிரம். அவளுக்கு அதுதான் உயிர். அவள் யோசித்துக்கொண்டிருந்த வழி முடியவில்லை, ஆனால் மழைக்குள் மாட்டியாகவேண்டும் என்று சங்கத்துக்காரர் நெருக்கினார். வயர் முனையை ஈயத்தால் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறை போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். என் கை சுத்தம் என்று அவளே சொன்னாள்.

நான் என்ன செய்தேன் என்றால், என் கைக்காசைப் போட்டுக் காந்திபுரம் போய் வாட்ச்மேன் வாங்கினேன். கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணினார், தொண்ணூற்று மூன்றுதான் இருந்தது. தொண்ணூற்று மூன்று வயரிலும் ஆளுக்கு ஒன்று வைத்து, வெளியே தெரியாதபடி மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கிவிட்டேன். தொட்டுப் பார்த்தால்கூடச் சின்ன மேடு மாதிரிதான் இருக்கும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். இடி விழுகிற நாளில் தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். இதில் தப்பு என்ன? இனாமாகக் காவல் போட்டுக் கொடுத்தேன். என்ன யோசிக்கிறீர்கள்?

சரவணம்பட்டி வந்துவிட்டது. இங்கே கால் மணி நேரம் நிற்பான், எப்போதும் நிற்பான். பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கள். பிடித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஐப்பசியில் மாட்டினது. பங்குனியில் சங்கத்திலிருந்து போன். பெட்டி பேசவில்லை. ஒன்று, அப்புறம் ஐந்து, அப்புறம் முப்பது. பேட்டரி காலி. மூன்று வருஷம் வரவேண்டியது ஆறு மாசம்கூட வரவில்லை. சிலருக்கு மோட்டாரும் கருகிப்போய், நாலு மோட்டார் எனக்கு வந்தது. அதை விடுங்கள்.

அம்மணி பெட்டிகளை வயர் முனையோடு கழற்றிக் கொண்டுவந்து மேசை மேல் அடுக்கினாள். பிரித்தாள். அந்த எறும்பு மீட்டரை வைத்துக்கொண்டு கரண்ட் எங்கே ஒழுகுகிறது என்று தேட ஆரம்பித்தாள். பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் பலகையை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் ஒழுகல் இல்லை. வயரை மாட்டினால் ஒழுகுகிறது. வயருக்குள் ஈரமோ என்று வெயிலில் காயவைத்தாள். மாட்டுகிற கிளிப்பில் துருவோ என்று கிளிப்பை மாற்றினாள். வயர் விற்றவரிடம் சண்டை போட்டாள், பாவம் அந்த ஆள். பலகை அடித்துக் கொடுத்தவர்களுக்குச் சென்னைக்குக் கடிதம் எழுதினாள். நோட்டுப் புத்தகம் நிறைய நம்பர். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போவாள்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கல் நெஞ்சுக்காரன் இல்லை நான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பேக்கரியில் இரண்டு டீ சொல்லி, ஒன்றை நானே கையில் எடுத்துப் போய் அவள் மேசையில் வைப்பேன். ஒரு நாள் தவறினதில்லை. பன்னும் வாங்கித் தந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? அவள் கேட்கவில்லையே. நாச்சிமுத்தண்ணா, நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரெல்லாம் கேட்கிறாள், சென்னையைக் கேட்கிறாள், என்னைக் கேட்க மாட்டேன் என்கிறாள். ஆறாங்கிளாஸ்தானே.

ஏழு பெட்டிகள் மட்டும் நன்றாக இருந்தன. வாட்ச்மேன் கிடைக்காத ஏழு. அவை தோட்டத்தில் சொன்னபடி தூங்கி, சொன்னபடி விழித்து, பேட்டரி புதுசு மாதிரி இருந்தது. இந்த ஏழில் என்னதான் விசேஷம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். தனக்குத்தானே. கவனியுங்கள்.

அப்போது சித்திரையில் ஒரு மழை. மத்தியானம் இரண்டு மணிக்கு அன்னூர்ப் பக்கம் இடி இடி என்று இடித்தது. கணபதியில் இருந்த எனக்கே கேட்டது. அடுத்த நாள் சங்கத்துக்காரர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஏழு பெட்டிகள். ஏழும் அவுட். உள்ளே சிப் வெடித்துக் கரிந்து போயிருந்தது. மற்றதெல்லாம்? அவள் மேசைக்கு வந்தது போக இன்னும் அறுபது பெட்டி காட்டிலேதான் இருந்தது. புதுப் பேட்டரி போட்டதும் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்து பேசுகிறதாம்.

எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கை கழுவினேன். கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போய், சங்கத்துக்காரர் பார்க்கும்படி, ஒரு வயரை எடுத்து ஸ்லீவைக் கிழித்துக் காட்டினேன். 

“பாரு அம்மணி” என்றேன். “தொண்ணூத்தி மூணுலயும் பேட்டரிதான் காலி, உசுரு இருக்குது. உன்ற ஏழும் செத்துப் போச்சு. இப்பச் சொல்லு, ஆரு கணக்குச் சரி?”

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். மீட்டரை எடுத்து அதன் இரண்டு காலிலும் வைத்துப் பார்த்தாள். நோட்டில் நம்பரை எழுதினாள். எழுதி முடித்து பேனாவை மூடினாள். 

“எப்ப வெச்சீங்க?”

“ஐப்பசிலயே.”

“பதினாறு நாளா நான் இதைத்தானுங்ணா தேடிட்டிருந்தேன்.”

“நீ கேக்கவே இல்லியே அம்மணி.”

அதற்கு அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சண்டை போட்டிருக்கலாம். வாட்ச்மேன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, “தெனமும் டீ வாங்கிக் குடுத்தீங்க” என்றாள்.

அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தது ஒரு குற்றமா தம்பி? என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டினவள் இவள் ஒருத்திதான்.

சங்கத்துக்காரர் ஆயிரம் பெட்டிப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அம்மணி மறுநாள் காலையில் ஒரு டெம்போ கொண்டுவந்து மேசையை ஏற்றினாள். நான் மோட்டாரைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் போகும்போது வருகிறேன் என்று சொன்னாளோ என்னவோ, தட்டுகிற சத்தத்தில் கேட்கவில்லை. 

அப்புறம் அவள் வேறு ஆளைப் பிடித்து, புதுப் பெட்டி செய்து, இதோ இந்த ரோட்டிலேயே சொந்தமாக ஷெட் போட்டுவிட்டாள். நன்றாக ஓடுகிறது என்று சொல்கிறார்கள். ஓடட்டும். எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றால், இந்தத் திருகைப் பாருங்கள். பார்த்தீர்களா, சாதாரணத் திருகு இல்லை. ஆறு முனை, நடுவில் ஒரு குச்சி. யார் ஸ்க்ரூடிரைவரும் நுழையாது. மேலே நீலப் பெயிண்ட் சொட்டு வேறு. யாருக்குப் பயந்து இந்தப் பூட்டு? தமிழ்நாட்டில் இந்தப் பெட்டியைத் திறக்கக்கூடிய ஆள் யார் இருக்கிறான்? என்னைத் திருடன் என்று ஒவ்வொரு பெட்டியிலும் நாலு தடவை எழுதி வைத்திருக்கிறாள். 

இதற்குச் சேரும் டிரைவர் என் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு வருஷமாக இருக்கிறது. எப்போதாவது தேவைப்படும் என்று வாங்கினேன். பெட்டியைக் காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை, அவளுக்கு வியாபாரம் ஆகிவிடும்.

ஒன்றும் ஆகாது. பதறாதீர்கள். வாரண்டியா? நான் ஒரு திருகைத்தான் எடுக்கிறேன். சரி, நாலு. மூடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ் நின்றுகொண்டுதானே இருக்கிறது. இந்தாருங்கள், திருகுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே விடவேண்டாம்.

ஆங். வாசலில் வாட்ச்மேன் நிற்கிறான் பாருங்கள். வைத்துவிட்டாள். சின்ன சைஸ், ஆனால் வேறு நம்பர். இவன் கொஞ்சம் சோம்பேறி. சின்ன உதைக்கு எழுந்திருக்க மாட்டான், பெரிய உதைக்குத்தான் எழுவான். அதனால் சும்மா நிற்கும்போது கரண்ட் தின்ன மாட்டான். அப்படியானால் சின்ன உதை உள்ளே போய்விடுமே? இருங்கள். இதோ, அவனுக்குப் பின்னால் எள்ளு மாதிரி ஒரு ரெசிஸ்டர். மிச்சத்தை இது வழியில் மறித்துக் களைக்கவைத்துவிடும். இதற்குச் சாப்பாடே வேண்டாம். அட. பேட்டரியும் பிழைத்தது, சிப்பும் பிழைத்தது. 

ஒரு மாசம் பொறுங்கள் என்றாளே, இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

நல்ல யோசனை. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. சொல்லிக்கொடுத்த மாதிரிதான். 

பஸ் நகர்ந்துவிட்டான். வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திருப்புங்கள். இங்கே பக்கத்தில் ஏன் இரண்டு ஓட்டை சும்மா இருக்கிறது? எல்லா ஓட்டையிலும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது, இதில் மட்டும் ஒன்றுமில்லை. மறந்துவிட்டாளா? மறக்கிறவள் இல்லையே. அதன் ஓரத்தில் வெள்ளையாக என்னமோ அச்சடித்திருக்கிறது. இங்கிலீஷா? தமிழா? நான் கண்ணாடி எடுத்து வரவில்லை. நீங்கள் வாசியுங்கள்.

என்ன?

இன்னொரு தரம் வாசியுங்கள். மெதுவாக.

‘அண்ணா, கேட்டுவிட்டு வைக்கவும்.’

பேனாவால் எழுதியிருக்கிறதா? இல்லை, அச்சு. அச்சென்றால் எல்லாப் பலகையிலும் இருக்கும் தம்பி. ஒன்றில் மட்டும் அச்சடிக்க முடியாது. விற்ற பெட்டி எல்லாவற்றிலும் இருக்கும். மூன்று வருஷமாகவா?

இருங்கள். பர்ஸில் ஒன்று வைத்திருக்கிறேன். தொண்ணூற்று நாலாவது. அப்புறம் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனபோது ஒன்று வந்திருந்தது என்று கொடுத்தார், தூக்கிப்போட மனசு வரவில்லை. இதோ. காலைக் கொஞ்சம் மடக்கினால்... பார்த்தீர்களா? அளவெடுத்த மாதிரி உட்காருகிறது. என் வாட்ச்மேனின் கால் அகலத்துக்கே ஓட்டை போட்டிருக்கிறாள். இந்த இடத்தில் இது தேவையே இல்லை. அங்கே ஒருவன் நிற்கும்போது இங்கே இன்னொருவன் எதற்கு? ஒரு பிரயோஜனமும் இல்லாத இடம். சொட்டுக் கரண்ட் வீணாகக் கூடாது என்கிறவள், இந்த இடத்தை மட்டும் வீணாக விட்டிருக்கிறாள்.

வைக்கவில்லை தம்பி, அளவுதான் பார்த்தேன். இதோ எடுத்துவிட்டேன். உங்கள் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது.

மூடியைக் கொடுங்கள். திருகு ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது எங்கே? சீட்டுக்கு அடியிலா? எடுங்கள், எடுங்கள். பெயிண்ட் போனது போனதுதான். யாராவது கேட்டால் நாச்சிமுத்து திறந்தான் என்று சொல்லுங்கள். நம்புவாள்.

உங்களைக் கேட்காமல் திறந்துவிட்டேன், இல்லையா? ஆமாம். கேட்டிருக்க வேண்டும். 

ஏனுங்க கண்டக்டர், வர்ற ஸ்டாப்ல நிறுத்துங்க. அன்னூருக்கு டிக்கெட் எடுத்தது எனக்கும் தெரியும், போனால் போகட்டும். நீங்கள் கொஞ்சம் காலை நகர்த்துங்கள் தம்பி. சமாதானத்துக்குப் போகிறேன் என்று நினைக்கவேண்டாம். அவள் கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறாள், நான் கேட்கப் போகிறேன், அவ்வளவுதான். இந்த ஒன்றை வைக்கலாமா வேண்டாமா என்று. வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் திரும்பி வருகிறேன். 

அதுதான் போர்டா? பெரிதாகத்தான் வைத்திருக்கிறாள். நீலம்.

மணி என்ன? நாலாகப்போகிறதா? ஷெட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி தெரிகிறது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு...

இல்லை. வெறும் கையோடு போகிறேன். டீ வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.